தேதி போடாத கையெழுத்து

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேத்திட்டு, தூபக்கால்ல ரெண்டு கரண்டி சாம்பிராணியைப் போட்டுக்கிட்டு மாடிப்படி வரைக்கும் வந்தேன். கீழே மூணாம் நம்பர் போர்ஷன்ல மீன் பொரிஞ்சுக்கிட்டு இருந்தது. சத்தம் கொஞ்சம்தான். வாசனைதான் சத்தம் போட்டுக்கிட்டு மேலே ஏறி வந்தது.

படிக்கட்டுல ஒரு காலை வைச்சேன். அவ்வளவுதான். கீழே இருந்து ஒரு குரல்...

"அம்மா... தேதி போடட்டுமா?"

தூபக்காலைத் தூக்கிக்கிட்டு வந்த வழியே உள்ளே போயிட்டேன்.

வீட்டுக்காரி குடித்தனக்காரிக்குப் பயப்படுவாளா? கும்மிடிப்பூண்டியில எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் பயப்படறேன். ஏன்னா அவகிட்ட ஒரு பேப்பர் இருக்கு. அதுல என் கையெழுத்து இருக்கு. தேதி மட்டும் இல்லை.

பத்தாவது வரைக்கும் படிச்ச ஒருத்தி, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாத பேப்பர்ல கையெழுத்துப் போட்ட கதை இது. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்குங்க... நான் ஏற்கெனவே சிரிச்சு முடிச்சிட்டேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வர்றவங்களுக்கு எங்க வீடு தெரியும். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெரு. மாடியில நாங்க. கீழே ஆறு போர்ஷன், ஆறுலயும் வெளி மாநிலத்துக் குடும்பங்க. என் வீட்டுக்காரர் ரோலிங் மில்லுல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கீழே நிக்கிறவன் கை ஜாடையைப் பார்த்துப் பார்த்தே வேலை செஞ்ச மனுஷன். அதனால வாயைத் திறந்து பேசறது கம்மி. நானும் காபி வேணுமான்னு கையாலதான் கேட்பேன். என் மகனுக்கு ஆந்திரா பார்டர் பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. மருமக கவிதா திருப்பாச்சூர் பொண்ணு. இங்கே ஒரு ஸ்கூல்ல டீச்சர்.

இந்தக் கவிதாதான் ரெண்டு வருஷமா எம்.ஏ. படிச்சா. என்ன எம்.ஏ.? 'பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பாடலும் மொழிக் கல்வியும்.' மூச்சு விடாமச் சொல்லிப் பாருங்க. சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கும் பாதி டிகிரி கொடுத்துடலாம்.

ஆர்.கே.பேட்டையில ஒரு கல்யாணம். பந்தியில என் நாத்தனார் பக்கத்து இலை.

"உன் மருமவ இன்னாமோ படிக்கிறாளாமே? இன்னா அது?"

"வேற வேற ஊர்க்காரங்க, வேற வேற பாஷைக்காரங்க எப்படிப் புரிஞ்சிக்கினு பேசறது... ஒருத்தர் பாஷைய இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறது... அதான் படிப்பு."

"இதுக்கு ஒரு படிப்பா? ஒரே ஊட்ல கீற மாமியாளும் மருமவளும் புரிஞ்சிக்கினு பேசறதுக்கு எதுனா கோர்ஸு கீதான்னு கேளு. நானே போய்ச் சேர்ந்துக்கறேன்."

எதிர் இலையில இருந்த கவிதா நிமிர்ந்து பார்க்காமச் சொன்னா. "அது இன்னும் ஆரம்பிக்கல பெரிம்மா. நடத்தறதுக்கு வாத்தியார் கிடைக்கலையாம்."

அந்தப் பந்தியில அப்பளத்தைவிட என் நாத்தனார் முகம்தான் அதிகமா நொறுங்கினது.

படிப்போட கடைசியில ஒரு புராஜெக்ட். வெளி மாநிலத் தொழிலாளிங்க ஆறு பேருக்குப் பத்து ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கணும். அவங்க எப்படிப் பேசறாங்க, எங்கே தடுமாறுறாங்க, எல்லாத்தையும் போன்ல ரெக்கார்டு பண்ணணும். பத்தாவது வாரம் சென்னையில இருந்து பேராசிரியர் நேர்ல வந்து வகுப்பைப் பார்ப்பாங்க. ஆறு பேருக்கு எங்கே போறது? மாடிப்படியில இறங்கினா ஆறு கதவு. தகர ஷீட் போட்ட மொட்டை மாடிதான் வகுப்பறை.

இதுல ஒரு விஷயம் இருந்தது. மூணாம் நம்பர் போர்ஷன்ல மமதான்னு ஒரு ஒடிசா பொண்ணு. பேக்கிங் கம்பெனியில வேலை. அவ மக ரிங்கி, கவிதா ஸ்கூல்லதான் மூணாவது. அந்தப் பிள்ளை ஒரு வருஷமா கடைசி பெஞ்சுல வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கு. பாடம் புரியாம அப்படி உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க அந்த ஸ்கூல்ல நிறைய. இந்தப் பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பு வேணும்னு கவிதா நச்சரிச்சு நச்சரிச்சு, கடைசியில ஹெட்மிஸ்ட்ரஸ் ஒத்துக்கிட்டாங்க. ஒரே கண்டிஷன்: "இந்த வருஷமே டிகிரியை முடிச்சிட்டு வா. ஜூன்ல இருந்து அந்த வகுப்பு உனக்கு. இல்லன்னா வேற யாருக்காவது வேற வேலைக்கு அந்த ரூம் போயிடும்."

ஆக, புராஜெக்ட் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. வகுப்பும் போச்சு.

நான் சும்மா இருப்பேனா? பெரியபாளையத்துக்குப் போய் பவானி அம்மன் முன்னாடி நின்னு வேண்டிக்கிட்டேன். "தாயே, கவிதா இந்தப் படிப்பை முடிச்சிட்டா, வேப்பஞ்சேலை கட்டி உன் கோயிலைச் சுத்தி வருவா." வேப்பிலைக் கொத்தை உடம்பு முழுக்கக் கட்டிக்கிட்டு பிரகாரத்தைச் சுத்தி வர்றது அங்கே பெரிய பிரார்த்தனை. கட்டப் போறவகிட்ட சொன்னேனா? சொல்லலை. நல்ல காரியத்தை எதுக்கு முன்கூட்டியே சொல்லணும்?

இது எனக்குப் பழக்கம்தான். மகன் பிளஸ் டூ பாஸ் பண்ணினா மொட்டை - அவனுக்கு. காலேஜுக்கு முதல் நாள் தலையில கர்ச்சீப் கட்டிக்கிட்டுப் போனான். வீட்டுக்காரருக்கு முட்டி வலி சரியானா அங்கப்பிரதட்சிணம் - அவர் பேர்ல. முட்டி சரியாச்சு. உருண்டுட்டு எழுந்தவருக்கு முதுகு பிடிச்சிக்குச்சு. முதுகுக்கு என்னமோ வேண்டிக்கலாம்னு நான் வாயைத் திறந்தப்போ, அந்தப் பேசாத மனுஷன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டார். கிரேன் பாஷையில அதுக்கு 'நிறுத்து'ன்னு அர்த்தம்.

சரி, வகுப்புக்கு வருவோம். அ, ஆ எல்லாம் கிடையாது. மருந்துக் கடையில எப்படிக் கேட்கிறது, சூப்பர்வைசர்கிட்ட எப்படி லீவு கேட்கிறது, பஸ்ல எப்படி ஸ்டாப் கேட்கிறது - இதுதான் பாடம். ஆறாவது வாரம், 'மரியாதையா மறுக்கிறது எப்படி?' நான் சமையலறை ஜன்னல்ல காய் நறுக்கிக்கிட்டே எல்லா வாரமும் கேட்டேன்.

கவிதா ஞாயித்துக்கிழமை "தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள்" அப்படின்னு அழகாச் சொல்லிக் கொடுப்பா. திங்கக்கிழமை காலையில மமதா கீழே இருந்து கத்துவா: "அம்மா! தண்ணி வர்ல! ஒரே பேஜாரா கீது!"

கவிதா தலையில கையை வைச்சுக்கிட்டு, "இது நான் சொல்லிக் கொடுத்தது இல்லையே"ம்பா.

"டீச்சர் தமிழு சண்டேக்கு," மமதா விளக்கம் சொன்னா. "அம்மா தமிழு மத்த ஆறு நாளைக்கு."

ஒன்பதாவது வாரம்தான் வினை வந்தது. ரெக்கார்டு பண்ணின பேச்சை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த, பேசினவங்க கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் வேணுமாம். முதல் நாளே வாங்கியிருக்கணும். இவ, "முதல் நாளே பேப்பரை நீட்டினா மிரண்டுடுவாங்க, பழகிட்டு வாங்கலாம்"னு தள்ளிப் போட்டுட்டா. ஆனா வேலையில குறை வைக்கலை. ஹிந்தியில ஒண்ணு, ஒடியாவுல ஒண்ணுன்னு தெரிஞ்சவங்களை விட்டு மொழிபெயர்த்து, அழகா டைப் அடிச்சு, ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா. "எடுத்துட்டுப் போய் நிதானமாப் படிங்க. புதன்கிழமை கொடுத்தாப் போதும்."

புதன்கிழமை வந்தது. படிவம் வரலை.

வியாழக்கிழமை கீழே ஒரே அமைதி. எதிர்ல பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. வெள்ளிக்கிழமை மீன் வாசனைகூட வரலை! "தாயே, நீ கண்ணைத் திறந்துட்டே"ன்னு அம்மன் படத்துக்குக் கூடுதலா ஒரு சூடம் ஏத்தினேன். சத்தியமா சொல்றேன், அன்னிக்கு நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

குப்பை கொட்டக் கீழே இறங்கினப்போதான் பார்த்தேன். மமதா அட்டைப் பெட்டியில பாத்திரத்தை அடுக்கிக்கிட்டு இருக்கா.

"இன்னா மமதா, ஊருக்குப் போறியா?"

"நீங்கதானம்மா காலி பண்ணச் சொன்னீங்க."

"நானா? எப்ப சொன்னேன்?"

அவ உள்ளே போய் அந்தப் படிவத்தை எடுத்துட்டு வந்தா. ஒரு வரிக்குக் கீழே பேனாவால கோடு போட்டிருந்தா. அதைத் தமிழ்ல சொன்னா.

"'என் சொந்த விருப்பத்துல நான் எப்ப வேணும்னாலும் விலகிப் போலாம். யாரும் தடுக்க மாட்டாங்க.' இதான எழுதிக் கீது?"

"அது வகுப்புலேர்ந்து விலகறதுக்குமா. உனக்கு இஷ்டம் இல்லன்னா போலாம், உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டோம்னு..."

"கம்பெனிலயும் இதான்மா எழுதுவாங்க." மமதா சிரிக்கலை. "வேலைக்குச் சேர்றப்பவே காண்ட்ராக்டரு வாங்கிக்குவான். 'என் சொந்த விருப்பத்துல வேலைய விட்டுப் போறேன்.' கையெழுத்து நாங்க போடணும். தேதி மட்டும் காலி. அவனுக்கு நாங்க வேணாம்னு தோணுற அன்னிக்கி, அவனே தேதி போட்டுக்குவான். உங்க பேப்பர்லயும் பாருங்க... தேதி காலி. குடுத்தது யாரு? ஊட்டுக்காரம்மா மருமக."

எங்க கவிதா, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து எழுதின ஒரே வரி. அந்த வரியைப் படிச்சிட்டுத்தான் ஆறு குடும்பமும் பெட்டி கட்டுது.

கவிதா ஓடிப் போய் ஒவ்வொரு கதவாத் தட்டினா. விளக்கினா. எல்லாரும் நல்லாத் தலையாட்டினாங்க. அடுக்கின பாத்திரத்தை வெளியேயும் எடுத்து வைச்சாங்க. ஆனா கையெழுத்து? அஞ்சாம் நம்பர் ராம்பாபு, பீகார்க்காரர், நாப்பது வயசு இருக்கும். நேரா நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, ஒரு பிழை இல்லாத தமிழ்ல சொன்னார்:

"மன்னிக்கணும் டீச்சர். நீங்க கேட்டதுக்கு ரொம்ப நன்றி. ஆனா இது என்னால முடியாதுங்க. வேற ஏதாவது உதவி இருந்தா சொல்லுங்க."

ஆறாவது பாடம்! வரிக்கு வரி! மரியாதையா மறுக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தவகிட்டயே மரியாதையா மறுத்துட்டார். அதுக்குன்னு தனியா மார்க் இருந்தா நூத்துக்கு நூறு போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை கவிதா சாப்பிடலை. "நாளைக்கு மேடம் வர்றாங்க அத்தை. கையெழுத்து இல்லன்னா ஒன்பது வார ரெக்கார்டிங்கையும் அழிச்சிடணும். அதான் ரூல். எல்லாம் முதல்ல இருந்து."

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? நான் ஊட்டுக்காரி. கூப்ட்டு 'போடுங்க'ன்னா போட்டுடப் போறாங்க."

விருட்டுன்னு எழுந்துட்டா. "ஐயோ, வேண்டாம் அத்தை! அப்படி வாங்கினா அது சம்மதம் இல்லை."

"பின்ன இன்னா அது?"

"பயம்."

ஒரு தூக்குல சுண்டலை எடுத்துக்கிட்டு கீழே இறங்கினேன். மிரட்ட இல்லைங்க, சும்மா பேச. மமதா வாசல்லயே உட்கார்ந்துட்டேன். அவ புருஷன் பிஜய், ராம்பாபு ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். கவிதா டிகிரி, ஜூன் மாச வகுப்பு, கடைசி பெஞ்சு ரிங்கி எல்லாத்தையும்.

மூணு பேரும் அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. ஒரு எழுத்து புரியலை. என் வீட்டு வாசல்லயே நான் வெளியூர்க்காரி மாதிரி சுண்டலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மமதா சொன்னா. "போடறோம்மா. ஆனா எங்க கையெழுத்து உங்ககிட்ட வருதுல்ல? உங்க கையெழுத்து ஒண்ணு எங்ககிட்ட வரட்டும்."

"எதுல?"

"நாங்க எழுதிக்கினு வர்றோம். நாளைக்கு கிளாஸ்ல."

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியர் வந்துட்டாங்க. காட்டன் புடவை, கண்ணாடி, கையில ஒரு நோட்டு. பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, என் காபியைக் குடிச்சிட்டு, கவிதா நடந்ததையும் கீழே நான் பேசிட்டு வந்ததையும் சொன்னதும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "வகுப்பு முடியறதுக்குள்ள கையெழுத்து வந்தா எடுத்துக்கலாம். வரலைன்னா, சாரிம்மா."

ஆறு பேரும் வந்து பாய்ல உட்கார்ந்தாங்க. மமதா எழுந்து, நோட்டுல கிழிச்ச ஒரு பக்கத்தை என் கையில கொடுத்தா. ஒடியா எழுத்து. ஒவ்வொண்ணும் தலைக்கு மேல வட்டமா ஒரு குடை பிடிச்சுக்கிட்டு நிக்குது. மொத்தம் பத்துப் பன்னெண்டு வரி. கீழே என் பேர். பக்கத்துல தேதின்னு ஒரு காலி இடம்.

"இன்னா மமதா எழுதிக் கீது?"

"மொதல்ல போடுங்க. அப்பறம் சொல்றேன்," கண்ணை உருட்டினா. "காண்ட்ராக்டரு இப்டித்தான் சொல்லுவான்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க. என்னவா இருக்கும்? வீட்டையே எழுதி வாங்கிடுவாங்களோ? சீ, இவங்களா? இருந்தாலும்... எழுத்துத் தெரியாம நிக்கிறப்போ எதுவுமே 'இருந்தாலும்'தான். பவானி அம்மனை நினைச்சுக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து, கதவுகிட்ட நின்ன வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"இன்னாமே, படிக்காம போடப் போறியா? சிலிண்டர் பில்லையே நீ ரெண்டு தபா படிப்ப!"

வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசற மனுஷன். அதுல ஒண்ணை இப்பவா செலவு பண்ணணும்?

பேராசிரியரும் என்னைப் பார்த்தாங்க. "அம்மா, இது உங்க இஷ்டம்தானே? யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?"

கவிதாவைப் பார்த்தேன். போடுங்க அத்தைன்னு கண்ணாலயாவது சொல்லுவான்னு நினைச்சேன். அவ தலையை ஆட்டினா. "வேணாம் அத்தை. உங்களுக்குப் பயமா இருந்தா போடாதீங்க. நான் அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்."

அப்பதாங்க போட்டேன். பத்தாங்கிளாஸ் பரீட்சையில எழுதினதைவிட அழகா, முழுப் பேரையும்.

மமதா பேப்பரை வாங்கி, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, தமிழ்ல படிச்சா. சண்டே தமிழ்ல.

"வெள்ளிக்கிழமை நாங்கள் மீன் பொரிக்கும்போது, அம்மா மாடிப்படியில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கதவைப் பார்த்து சாம்பிராணி போடக் கூடாது."

பேராசிரியர் நோட்டால முகத்தை மறைச்சுக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர் தோள் மட்டும் குலுங்குது.

"ஷிப்ட் முடிந்து நாங்கள் வரும் நேரத்தில் அம்மா மோட்டார் போட வேண்டும். அம்மா குளித்துவிட்டால், ஊரே குளித்துவிட்டது என்று நினைக்கக் கூடாது."

இதுக்கு ராம்பாபு கையே தட்டிட்டார்.

அடுத்த வரிக்கு மமதா கொஞ்சம் நின்னா. குரலும் இறங்கினது.

"அம்மா எங்களை 'இந்திக்காரங்க' என்று கூப்பிடக் கூடாது. நானும் என் கணவரும் ஒடியா. இரண்டாம் நம்பர் அசாம். எங்களுக்குப் பெயர் இருக்கிறது."

யாரும் சிரிக்கலை. நான்தான் மூணு வருஷமா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்றேன், "கீழே இந்திக்காரங்க இருக்காங்க"ன்னு. அவங்க காதுல விழும்னு ஒரு நாளும் தோணலை. பாஷை தெரியாதவங்களுக்குக் காதும் கேட்காதுன்னு நினைச்சிட்டேன் போல.

"ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்த பிறகும் நடக்க வேண்டும். அதில் அம்மாவும் உட்கார வேண்டும். வாரம் ஐந்து ஒடியா வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும். முதல் வார்த்தை: மாச்சொ. மீன்."

கடைசி வரியை அவ என்னைப் பார்த்துக்கிட்டே படிச்சா.

"இதில் இருந்து அம்மா தன் சொந்த விருப்பத்தில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்."

மொட்டை மாடியே அதிர்ந்தது. நான் தேதி போட பேனாவைத் தேடினேன். மமதா பேப்பரைச் சட்டுன்னு மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டா.

"தேதி வேணாம்மா. அது எங்ககிட்ட இருக்கட்டும்."

அப்புறம் ஆறு பேரும் வரிசையா வந்து கவிதாவோட படிவத்துல கையெழுத்துப் போட்டாங்க. ஒண்ணை மட்டும் கவனிச்சேன். எல்லாரும் முதல்ல தேதியை எழுதினாங்க. அதுக்கு அப்புறம்தான் பேரை.

பேராசிரியர் கிளம்பறப்போ கவிதாகிட்ட கேட்டாங்க. "இன்னிக்கு நடந்தது உங்க பாடத் திட்டத்துல இருந்ததா?"

"இல்லைங்க மேடம்."

"அப்ப அப்படியே எழுதுங்க. ஃபார்மை லேட்டாக் கொடுத்த தப்பையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினா. பாஸும் பண்ணிட்டா. ஜூன்ல அந்த ரூம் அவளுக்கே கிடைச்சது. ரிங்கி இப்ப முதல் பெஞ்சு. அவ வாயை மூடச் சொல்லி கவிதாவே கத்தறாளாம்.

எனக்கு இதுவரைக்கும் முப்பது ஒடியா வார்த்தை வரும். வெள்ளிக்கிழமைதான் கொஞ்சம் பழைய புத்தி தலையைத் தூக்கும். சாம்பிராணியோட படிக்கட்டுல காலை வைச்சா, கீழே இருந்து அந்தக் குரல். தேதியை அவ எழுதிட்டா, என் சொந்த விருப்பத்துல நான் விலகிட்டேன்னு ஆயிடும். எனக்கு விலக விருப்பம் இல்லையே!

இங்கேயே முடிச்சிருக்கலாம். ஆனா வேப்பஞ்சேலை பாக்கி இருக்கே.

ரிசல்ட் வந்த மறுநாள், சமையலறையில மெதுவா ஆரம்பிச்சேன். "கவிதா, ஆடி பொறந்தா கூட்டம் தாங்காது. அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை பெரியபாளையம் போய் நீ வேப்பஞ்சேலை கட்டிக்கினு சுத்தி வந்துடு. நான் வேண்டிக்கினு கீறேன்."

தோசைக் கரண்டி அப்படியே நின்னது.

"என் பேர்லயா அத்தை?"

"ஆமா."

"என்கிட்ட கேட்கவே இல்லையே?"

"உன் நல்லதுக்குத்தானம்மா."

திரும்பி என்னைப் பார்த்தா. கோபம் இல்லை. உதட்டு ஓரத்துல ஒரு சிரிப்பு. "காண்ட்ராக்டரும் அதைத்தான் அத்தை சொல்லுவான்."

தோசை கருகிடுச்சு. அதை நானே எடுத்துத் தட்டுல போட்டுக்கிட்டேன். ரெண்டு நாள் யோசிச்சேன். அம்மன் படத்துக்கு முன்னாடி நின்னு, "தாயே, பேர் மாத்தம். அவ இல்ல, நான்"னு சொல்லிட்டேன். படிக்காமப் போட்ட கையெழுத்தையே காப்பாத்திட்டு இருக்கேன், அறிஞ்சு கொடுத்த வாக்கைக் காப்பாத்த வேணாமா?

போன ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தோம். கவிதாவும் வந்தா. நான் கூப்பிடலை, அவ இஷ்டத்துல வந்தா. புடவைக்கு மேல கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் வேப்பிலையைக் கட்டிவிட்டாங்க. கையைக் கூப்பிக்கிட்டு நடந்தேன். கவிதா பக்கத்துலயே தண்ணி பாட்டிலோட வந்தா. முதல் சுத்துல கண்ணுல தண்ணி... பக்தியில. ரெண்டாவது சுத்துலயும் கண்ணுல தண்ணி. அது பக்தியில இல்லை.

வேப்பிலைக்குள்ள எறும்பு இருக்கும்னு, இத்தனை வருஷமா அடுத்தவங்க பேர்லயே வேண்டிக்கிட்டு இருந்த எனக்கு எப்படிங்க தெரியும்?